ஆறு பெல்ட்பேக் இருக்கிறது, பவர் சப்ளை இல்லை: அரங்கேற்றத்துக்கு வயர் இன்டர்கொம்

அரங்கின்பின் | வெள்ளி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் பம்பலப்பிட்டியில் என் சித்தியின் மாணவி ஒருத்திக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். திரை, ஒளி, ஒலி மூன்றுக்கும் நடுவே செய்தி கொண்டு ஓடுவது என் வேலை. சென்ற முறை தில்லானா முடிந்ததும் விளக்கை அணைக்கச் சொல்வதற்காக மேடையின் பக்கத்திலிருந்து மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் சேலையோடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிள்ளை மூன்று தரம் வணங்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் முழு வெளிச்சத்தில் நின்றாள். காணொளியில் அது இப்போதும் இருக்கிறது.

கடையை மூடிய ஒரு வாடகை ஒலியமைப்பாளரிடம் ஆறு பழைய பெல்ட்பேக்குகளும் (இடுப்பில் மாட்டிப் பேசும் இன்டர்கொம் பெட்டி) ஐந்து ஹெட்செட்டுகளும் மலிவாகக் கிடைத்தன. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் (மைக் வயர் செருகும் வட்டச் சொக்கற்) இரண்டு, ஹெட்செட்டுக்கு நான்கு முள் ஒன்று. தலைமைப் பெட்டியும் பவர் சப்ளையும் இல்லை. பெட்டியின் அடியில் 30 வோல்ட் என்று மங்கலாக இருக்கிறது. தம்பியிடம் 30 வோல்ட், 3 அம்பியர் தரும் மேசைப் பவர் சப்ளை ஒன்று உண்டு. அதை அப்படியே மைக் வயரில் இணைத்துவிடலாமா?

கைபேசிபோதும் | வெள்ளி, இரவு 10:05

எதற்கு இந்தப் பாடு? ஐந்து பேரும் வாட்ஸ்அப் குழு அழைப்பில் இருங்கள். காதில் ஒரு இயர்போன். செலவு பூச்சியம்.

திரைக்கயிறு | வெள்ளி, இரவு 10:31

பூச்சியம் இல்லை. நான் செய்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நான் "போ" என்ற சொல் ஒளிமேசையில் இருந்தவரின் காதுக்கு வரும்போது தீர்மானம் விழுந்து மிருதங்கம் ஓய்ந்துவிட்டது. ஒரு விநாடிகூட இராது, ஆனால் ஜதியின் கடைசித் தட்டோடு விளக்கு மாற வேண்டிய இடத்தில் அது ஒரு யுகம். மண்டபம் நிறைந்ததும் அத்தனை கைபேசிகளும் ஒரே கோபுரத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. நடுவில் திரை இழுப்பவருக்கு அவருடைய மாமியாரிடமிருந்து அழைப்பு வந்தது. அத்தோடு நான் அதை விட்டுவிட்டேன்.

வாக்கிடோக்கியும் ஒருவர் பேசினால் மற்றவர் கேட்கத்தான் முடியும். அதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமமும் வேண்டும். வயர் இருக்கிறதா, வயரையே போடுங்கள்.

செப்புக்கம்பி | சனி, காலை 6:12

தம்பி, பவர் சப்ளையை இப்போதைக்குத் தொடாதீர். பெட்டி எந்தக் குடும்பம் என்று முதலில் பாரும்.

மூன்று முள் வயரில் ஓடும் கூட்டுத்தட இன்டர்கொம், அதாவது எல்லோரும் ஒரே தடத்தில் பேசிக் கேட்பது, பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கிளியர்-கொம் நிறுவனத்தின் வழி. 1968 இல் சான் பிரான்சிஸ்கோப் பக்கம், ராக் இசைக் கச்சேரி இரைச்சலுக்குள் மேடைக்காரர் ஒருவரோடொருவர் பேசுவதற்காகத் தொடங்கியது. அதில் 1 ஆம் முள் பொது, 2 ஆம் முள்ளில் மின்சாரம், 3 ஆம் முள்ளில் பேச்சு. மின்சாரம் ஒரு கம்பியில், குரல் வேறொரு கம்பியில்.

மற்றது ஆர்டிஎஸ் நிறுவனத்தின் வழி. அதில் 2 ஆம் முள்ளில் மின்சாரமும் முதல் தடத்தின் குரலும் ஒன்றாக ஏறி வரும். 3 ஆம் முள்ளில் இரண்டாம் தடம். அந்தப் பெட்டிக்கு உம்முடைய மேசைப் பவர் சப்ளையை நேரே கொடுத்தால் விளக்கு எரியும், முதல் தடத்தில் ஒரு சொல் கேட்காது. நல்ல பவர் சப்ளை என்றால் தன் வாயில் வோல்ட்டளவு அசையாமல் பிடித்து வைத்திருக்கும். குரல் என்பதே வோல்ட்டளவின் அசைவுதானே! அசையவே விடாத ஒன்றின் மேல் குரலை ஏற்றினால் அது குரலை விழுங்கிவிடும். அதனால்தான் அந்த வகைத் தலைமைப் பெட்டிக்குள் நேர்மின்னை (டிசி) விட்டுக் குரலை மறிக்கும் ஒரு சுற்று இருக்கிறது. சிலர் இது தெரியாமல் ஆறு பெட்டியும் பழுது என்று வீசியிருக்கிறார்கள்.

மூடியைத் திறந்து 2 ஆம் முள் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லும்.

அரங்கின்பின் | சனி, பிற்பகல் 1:20

ஐயா, தம்பி இல்லை, தங்கச்சி. (தம்பி சோற்றுக்கோப்பையோடு பக்கத்தில் இருந்து சிரிக்கிறான்.)

திறந்தேன். நான்கு திருகாணிகள், ஒன்று துருப்பிடித்து அறுந்தது. 2 ஆம் முள்ளிலிருந்து ஒரு டையோடு, அதன் பிறகு பெரிய கொள்ளளவி, பிறகு சிறு ரெகுலேட்டர். குரல் பக்கம் போகும் பாதை எதுவும் அந்த முள்ளிலிருந்து இல்லை. 3 ஆம் முள்தான் ஒரு கொள்ளளவி வழியாக ஒலிச் சுற்றுக்குப் போகிறது. அப்படியானால் முதல் வகைதானே?

செப்புக்கம்பி | சனி, பிற்பகல் 2:02

மன்னித்துக்கொள்ளும் தங்கச்சி. ஆம், முதல் வகை. உமக்கு வேலை பாதியாகிவிட்டது.

மேசைப் பவர் சப்ளையைச் சோதனைக்குப் பாவியும். அதில் மின்னோட்ட எல்லை என்று ஒரு குமிழ் இருக்கும், அதை அரை அம்பியரில் வைத்து ஒவ்வொரு பெட்டியாக ஏற்றும். பழைய பெட்டிக்குள் குறுக்கிணைப்பு இருந்தால் புகை வருவதற்கு முன் அந்த எல்லை பிடித்துவிடும். ஆனால் நிகழ்ச்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். இருட்டில் கை பட்டுத் திரும்பக்கூடிய குமிழ் உள்ள எதையும் மேடைப் பக்கம் வைக்கக்கூடாது என்பது என் கொள்கை.

இனி முடிப்புத் தடையி. இது இல்லாமல் எவரும் பேச முடியாது என்றே வைத்துக்கொள்ளும். பெல்ட்பேக் பேசும்போது வயருக்குள் வோல்ட்டளவைத் தள்ளுவதில்லை, மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. அந்த மின்னோட்டம் குரலாக மாறுவது 3 ஆம் முள்ளுக்கும் 1 ஆம் முள்ளுக்கும் இடையே தொங்கும் சுமார் 200 ஓம் தடையியில்தான். முழுத் தடத்துக்கும் ஒன்றே ஒன்று. இல்லாவிட்டால் ஒலி தலைக்கு மேல் ஏறி எல்லா ஹெட்செட்டும் ஊளையிடும். இரண்டு இருந்தால் ஒலி பாதியாகும். கடையில் 220 ஓம் எடும், போதும். அதோடு தொடராக ஒரு கொள்ளளவி வைக்க வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் அழைப்பு விளக்கு எரிவதே 3 ஆம் முள்ளில் ஏறும் நேர்மின்னால். வெறும் 220 ஓம் அந்த நேர்மின்னைக் கீழே இழுத்துவிடும். இரண்டுக்கும் சமாந்தரமாகச் சில கிலோ ஓம் ஒன்று போட்டால் அழைப்பு முடிந்ததும் வயர் தானாக வடிந்துவிடும்.

ஓம்விதி | சனி, மாலை 5:47

மொறட்டுவையில் படிக்கும் ஒருவன். கணக்கு என்றால் கை சும்மா இராது.

ஒரு பெட்டிக்குத் தாராளமாக 50 மில்லி அம்பியர் என்று வைப்போம். ஆறுக்கு 300. சாதாரண மைக் வயரின் உட்கம்பி 0.22 சதுர மில்லிமீட்டர். செம்பின் தடைத்திறனை வைத்துப் பார்த்தால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 8 ஓம். திரும்பி வரும் பின்னல் உறை ஒரு 3 ஓம் என்க. மண்டபத்தின் பின்பக்கம்வரை 40 மீட்டர் என்றால் போகவும் வரவும் 4.4 ஓம். ஆறு பெட்டியும் கடைசி முனையில் இருந்தாலும் இழப்பு 1.3 வோல்ட்தான். உங்கள் மண்டபத்துக்கு வயர் தடிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். இதுவே 100 மீட்டர், பத்துப் பெட்டி என்றால் ஐந்தரை வோல்ட் போய்விடும், அப்போது யோசிக்கலாம்.

பவர் சப்ளை: 24 வோல்ட், 2 அம்பியர் நிலைமாற்றி (டிரான்ஸ்போமர்), பாலச் சீராக்கி, 4700 மைக்ரோபராட் 63 வோல்ட் கொள்ளளவி, எல்எம்317 ரெகுலேட்டர். நிலைமாற்றியின் உச்சம் 34, சீராக்கியில் 2 போனால் 32. ரெகுலேட்டருக்கு இரண்டரை வோல்ட் மேலே வேண்டும். ஆகவே 29 வோல்ட் எடுக்கலாம்.

செப்புக்கம்பி | சனி, இரவு 8:15

மகனே, கணக்குச் சரி, ஆனால் நீர் 230 வோல்ட்டை நம்பிவிட்டீர். மாலை ஆறரைக்கு மண்டபத்தின் குளிரூட்டிகள் எல்லாம் ஓடும்போது சுவரில் மீட்டரை வைத்துப் பாரும். நான் 215 பார்த்திருக்கிறேன். அப்போது உம்முடைய 32 வோல்ட் 30க்கும் கீழே வரும். கொள்ளளவியின் அலைவு ஒரு வோல்ட்டுக்குக் கிட்ட. ரெகுலேட்டர் மூச்சு முட்டி 100 ஹெர்ட்ஸ் உறுமலை அப்படியே வெளியே விடும்.

26 வோல்ட் வையுங்கள். ஒரு தடையி 240 ஓம், மற்றது 4.7 கிலோ ஓம். கணக்கு ஏறத்தாழ நேரே 26 இல் விழும். பெட்டிகள் 30 என்று எழுதியிருந்தாலும் இந்தப் பழைய வகை 20 வோல்ட்டுக்கு மேல் ஒழுங்காகப் பேசும். எல்எம்317 ஐ வெப்பத்தட்டில் திருகும். அதன் உலோக முதுகு எர்த்தில் அல்ல, வெளிவரும் வோல்ட்டில் இருக்கிறது என்பதை மறக்காமல் இடையே மின்காப்புக்கு மைக்காத் தகடு போடும்.

பம்பலப்பிட்டி ஒலி | சனி, இரவு 9:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2026 இலும் இரண்டு கிலோ நிலைமாற்றியா? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எல்ஈடி பட்டிகளுக்கான 24 வோல்ட் சுவிட்ச் மோட் பவர் சப்ளை தருவார்கள். இரும்புக்கூடு, ஓட்டை ஓட்டையாக இருக்கும். நான் நான்கு வருடமாக அதைத்தான் பாவிக்கிறேன். வாடிக்கையாளர் எவரும் குறை சொன்னதில்லை.

செப்புக்கம்பி | சனி, இரவு 10:10

வாடிக்கையாளர் ஹெட்செட் போடுவதில்லையே.

பம்பலப்பிட்டி ஒலி | சனி, இரவு 10:14

ஐயா, என் ஆட்களும் போடுகிறார்கள். இரைச்சல் இல்லை. மின்சாரம் தனிக் கம்பியில் போகிறது என்று நீங்களே மேலே எழுதினீர்கள். பெட்டிக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. பிறகு பவர் சப்ளையில் கொஞ்சம் அழுக்கு இருந்தால் என்ன?

செப்புக்கம்பி | ஞாயிறு, காலை 6:30

இரவு யோசித்தேன். நீர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த வகையில் அழுக்கைப் பெட்டியே ஓரளவு வடித்துவிடும். ஆனால் இரண்டு விடயம்.

முதலாவது, மலிவானவை சில, சுமை குறைந்தால் விட்டுவிட்டு இயங்கும். ஆறு பெட்டி சும்மா இருக்கும்போது சுமை மிகக் குறைவு. அப்போது காதுக்குக் கேட்கும் ஒரு கீச்சுச் சத்தம் வரும். வாங்கும்போது ஒரு சுமை கொடுத்துக் காதை வைத்துக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

இரண்டாவது எர்த். இரண்டு முள் பிளக்கோடு ஓடவிட்டால் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகள் வழியாக முழு இன்டர்கொம்மும் அரை மின்னழுத்தத்தில் மிதக்கும். உலோக ஹெட்செட்டைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் உறுமும். எர்த் வயரைக் கூட்டில் திருகி, வெளிவரும் எதிர்முனையை அந்த ஒரே இடத்தில் எர்த்தோடு சேர்த்தால் தீரும். ஒரே இடத்தில், கவனியும்.

அரங்கேற்றத்துக்கு நான் என்றால் நிலைமாற்றிதான் வைப்பேன். கனம்தான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அரங்கின்பின் | வியாழன், இரவு 11:05

செய்துவிட்டேன்! உண்மையில் தம்பி துளை போட்டான், நான் ஈயம் வைத்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. எர்த் வயரை டின்னில் திருகியிருக்கிறேன். முதல்முறை வெளியே 1.25 வோல்ட்தான் வந்தது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்தோம். பிறகு விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தால் மஞ்சள், ஊதா, சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள், ஊதா, பொன், பொன். 4.7 கிலோ ஓமுக்குப் பதில் 4.7 ஓம் தந்திருக்கிறார்கள். மாற்றியதும் 25.9.

மேசையில் ஆறு பெட்டியும் அருமையாகப் பேசுகின்றன. அம்மா சமையலறையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு "சோறு ஆறுகிறது" என்று மூன்று தரம் அழைப்பு விளக்கை எரித்தார்.

அரங்கின்பின் | ஞாயிறு, மாலை 4:50

மகிழ்ச்சி மூன்று நாள்தான். இன்று மண்டபத்தில் ஒத்திகை. மண்டபத்தில் ஏற்கனவே சுவரில் பதித்த எக்ஸ்எல்ஆர் வயர் இருக்கிறது, மேடைப் பக்கத்திலிருந்து பின்னால் ஒளிமேசைவரை. அதையே பாவித்தோம். இரண்டு தொல்லை:

ஒலி மிகவும் தாழ்ந்துவிட்டது, வீட்டில் கேட்டதில் பாதிகூட இல்லை. விளக்குகளை மெல்ல ஏற்றும்போது "ங்ங்ங்" என்று ஒரு உறுமல் கூடவே ஏறுகிறது. முழு வெளிச்சத்தில் குறைந்துவிடுகிறது, அரை வெளிச்சத்தில்தான் மோசம்.

ஓம்விதி | ஞாயிறு, மாலை 5:15

ஒலி பாதி என்றால் 200 ஓம் 100 ஆகியிருக்கிறது! எங்கோ இரண்டாவது முடிப்புத் தடையி ஒளிந்திருக்கிறது.

செப்புக்கம்பி | ஞாயிறு, மாலை 6:40

பையன் பிடித்துவிட்டான். சுவர்ப் பெட்டியைத் திறந்து பாரும். முன்பு யாரோ அந்த வயரில் இன்டர்கொம் ஓட்டியிருப்பார்கள்.

உறுமல், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரிலிருந்து. டிம்மர் மின்னலையை ஒவ்வொரு அரைச் சுற்றிலும் நடுவில் வெட்டித் திறக்கிறது. அரை வெளிச்சத்தில் அந்த வெட்டு அலையின் உச்சியில் விழுகிறது, அதனால்தான் அங்கே மோசம். அது உங்களுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். எக்ஸ்எல்ஆர் கூட்டுக்கும் 1 ஆம் முள்ளுக்கும் இடையே மீட்டரில் தொடர்ச்சி பாரும். சுவர்ப் பெட்டியின் உலோகம் கட்டடத்தின் எர்த்தில் இருக்கும். 1 ஆம் முள் அங்கேயும் தொட்டால் உங்களுக்கு இரண்டு எர்த். அந்த வளையத்துக்குள் டிம்மரின் குப்பை எல்லாம் ஓடும்.

எர்த் முள்ளைப் பிடுங்கிவிடுங்கள் என்று இப்போது யாராவது வந்து எழுதுவார். செய்ய வேண்டாம். வெட்ட வேண்டியது 1 ஆம் முள்ளுக்கும் கூட்டுக்கும் உள்ள தொடர்பை. மின் பிளக்கின் எர்த்தை அல்ல.

கைபேசிபோதும் | ஞாயிறு, இரவு 7:02

நான் அதைத்தான் எழுத வந்தேன். விட்டுவிட்டேன்.

அரங்கின்பின் | புதன், இரவு 8:30

மண்டபப் பொறுப்பாளரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கினேன். பின்பக்கச் சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை இரண்டு, தூசி, அப்புறம் 3 ஆம் முள்ளுக்கும் 1 ஆம் முள்ளுக்கும் இடையே ஒரு தடையி. சிவப்பு, சிவப்பு, பழுப்பு: 220. எத்தனை வருடம் அங்கே தனியாக இருந்ததோ. ஒரு காலை மட்டும் கழற்றி மடித்து விட்டேன், அனுமதியோடுதான்.

1 ஆம் முள்ளைப் பற்றியும் நீங்கள் சொன்னதேதான் ஐயா. சொக்கற்றின் பின்னால் நான்கு காதுகள் இருக்கின்றன. மூன்று முள்ளுக்கு, நான்காவது கூட்டுக்கு. அந்த நான்காவது காதையும் முதலாவது காதையும் சேர்த்து ஒரு பெரிய ஈயக் குமிழ், பட்டாணிக் கடலை அளவு. நல்லெண்ணத்தோடு யாரோ எர்த் செய்திருக்கிறார். ஈய உறிஞ்சியால் எடுத்தேன். உறுமல் முக்கால்வாசி போயிற்று. மீதிக்குக் காரணம், மேடைப் பக்கத்தில் எங்கள் வயர் டிம்மர் வயர்களோடு கட்டப்பட்டு ஒன்றாக ஓடியது. பிரித்துவிட்டு, கடக்க வேண்டிய ஒரே இடத்தில் குறுக்காகக் கடக்க விட்டோம். இப்போது அமைதி. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது.

அடுத்த கேள்வி. மின்சாரம் நின்றால்?

திரைக்கயிறு | புதன், இரவு 9:10

நல்ல கேள்வி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்த நாட்களில் ஒத்திகை நடத்தியவள் நான். மின்சாரம் போய் மின்பிறப்பாக்கி பிடிக்கும்வரையான அந்தச் சில விநாடிகளில்தான் இன்டர்கொம் மிகவும் தேவை. ஒளிக்காரரும் திரைக்காரரும் கும்மிருட்டில் ஆளுக்கொரு முடிவு எடுப்பார்கள். "யாரும் எதையும் தொடாதீர்கள், பாட்டு ஓடுகிறது, ஆட்டமும் ஓடட்டும்" என்று ஒரு குரல் சொன்னால் போதும்.

ஓம்விதி | புதன், இரவு 9:44

12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி இரண்டு, தொடராக. பவர் சப்ளைக்கு ஒரு டையோடு, பற்றரிக்கு ஒரு டையோடு, இரண்டும் வெளியே ஒன்று சேரும். மின்சாரம் இருக்கும்போது 26 வெல்லும், இல்லாதபோது பற்றரி தானாக வரும். நிறைந்த பற்றரி இரண்டும் சேர்ந்து 25.5 அளவில் நிற்கும், ஆகவே மயிரிழையில் பவர் சப்ளைதான் முன்னுக்கு நிற்கும். 300 மில்லி அம்பியருக்கு முழு நிகழ்ச்சியும் பற்றரியிலேயே போகும்.

பம்பலப்பிட்டி ஒலி | புதன், இரவு 10:20

பற்றரிக்குப் பக்கத்தில் 1 அம்பியர் பியூஸ் போடாமல் கையை வைக்காதீர்கள். எல்எம்317 குறுக்கிணைந்தால் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும், பற்றரிக்கு அந்தப் பண்பு இல்லை. எனக்கு ஒரு கோயில் திருவிழாவில் நாற்காலிக் கால் வயரை நசுக்கியது. மைக் வயர் ஒரு முழம் நீளத்துக்கு உருகிக் கம்பளத்தில் ஒட்டிக்கொண்டது. கம்பளத்துக்கு நான்தான் பணம் கட்டினேன்.

இன்னொன்று. உங்கள் இன்டர்கொம் வயரும் மைக் வயரும் ஒரே மூன்று முள். நிகழ்ச்சி நாளில் ஒருவர் அவசரத்தில் இன்டர்கொம்மை மேடைப் பெட்டியின் மைக் வாயில் செருகுவார். கட்டாயம் செருகுவார். மைக்குகளுக்காக மிக்சர் தரும் 48 வோல்ட் தடையி வழியாகச் சில மில்லி அம்பியர்தான் தரும். நீங்கள் அனுப்புவது ஒரே முள்ளில் 26 வோல்ட், பின்னால் ஒரு அம்பியர். மிக்சரின் அந்த வாய் பிழைக்குமா என்பது அதைச் செய்தவரைப் பொறுத்தது. சிவப்பு நாடா சுற்றுங்கள், இரண்டு முனையிலும்.

அரங்கின்பின் | திங்கள், காலை 10:15

நேற்று முடிந்தது. சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன், தூக்கம் இன்னும் போகவில்லை.

சிவப்பு நாடா சுற்றியிருந்தும் மண்டபத்தின் ஒலி உதவியாளர் பையன் ஒருவன் எங்கள் வயரை மேடைப் பெட்டியிடம் கொண்டுபோய்விட்டான். செருகுவதற்கு ஒரு சாண் தூரத்தில் நான் கத்தியது முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த பிரதம விருந்தினருக்கும் கேட்டிருக்கும்.

மின்சாரம் போகவே இல்லை. பற்றரி இரண்டும் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் சும்மா இருந்து பார்த்தன.

எதிர்பாராத தொல்லை நட்டுவாங்கம். என் இடம் நட்டுவனாரின் முதுகுக்குப் பின்னால். வர்ணத்தில் என் மைக்கைத் திறந்து வைத்துவிட்டேன். தாளத்தின் உலோகச் சத்தம் ஐந்து பேரின் காதிலும் ஊசியாக இறங்கியிருக்கிறது. பின்னாலிருந்த ஒளிக்காரர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார். நான் அழைப்பு விளக்கை எரித்துத்தான் அவரைத் திரும்பப் பிடித்தேன். அதற்குப் பிறகு பேசும்போது மட்டும் மைக்.

தில்லானாவின் கடைசி அடியில் "போ" என்றேன். விளக்கு அந்த அடியிலேயே அணைந்தது. சித்தி மேடையின் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் பிடித்தார்.

ஐந்தாம் பெட்டி மட்டும் சூடேறியதும் மெல்லிதாக விசிலடிக்கத் தொடங்குகிறது. ஹெட்செட்டை மாற்றினாலும் அதேதான். வேறு வயரிலும் அதேதான். அணைத்து அரை மணி நேரம் விட்டால் போய்விடுகிறது.

செப்புக்கம்பி | திங்கள், முற்பகல் 11:30

தன் குரலைத் தனக்குத் திருப்பாமல் சமன் செய்யும் சிறு குமிழ் ஒன்று பெட்டியின் பக்கவாட்டுத் துளைக்குள் இருக்கும். பெட்டி சூடாக இருக்கும்போதே அதைத் திருகிப் பாரும். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே உலர்ந்துபோன மின்பகு கொள்ளளவி. ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருப்பவை சூட்டில் முதலில் போகும். தலை உப்பியிருக்கிறதா என்று பாரும், உப்பாவிட்டாலும் மாற்றும்.

சனிக்கிழமை வெள்ளவத்தைப் பக்கம் வருவதாக இருந்தால் பெட்டியைக் கொண்டுவாரும், பார்க்கலாம். அந்தப் பிஸ்கட் டின்னையும் கொண்டுவாரும்.

ஓம்விதி | திங்கள், முற்பகல் 11:52

நானும் வரலாமா ஐயா?

செப்புக்கம்பி | திங்கள், பிற்பகல் 12:20

உறிஞ்சியும் நல்ல ஈயமும் கொண்டுவந்தால் வரலாம்.